ரெண்டு தட்டு

ஜனவரி 18

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் மாப்பிள்ளையும் உங்கள் இரண்டு மினிபஸ்களும் நலம்தானே? பஸ்களை விட்டுவிட்டு உங்களை மட்டும் விசாரித்தால் கோபித்துக்கொள்வீர்கள் என்று பாப்பா சொல்லியிருக்கிறாள்.

ஃபோனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். என் ஃபோன் போலீசிடம் இருக்கிறது. இந்த வரியைப் படித்ததும் எழுந்துவிடாதீர்கள், உட்கார்ந்தே மீதியையும் படியுங்கள். ஊர்வாய் வழியாக உங்களுக்கு வந்து சேர்வதற்குள் என் கையாலேயே எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்த அவசரம். மே மாதம் என் மகளை உங்கள் வீட்டுக்கு அனுப்பப் போகிறவன் நான். உங்களிடம் ஒளிக்க ஒன்றுமில்லை.

நான் இங்கே பர்னிச்சர் கடைக்கு டெலிவரி வேன் ஓட்டுவது உங்களுக்குத் தெரியும். கட்டில், பீரோ, சோபா என்று வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்குவோம். என்னோடு வேலை செய்பவன் ஒரு நெட்டையன், வேறு நாட்டுக்காரன். அவன் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவனுக்குப் புரியாது. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று வழி சொல்வது அவன் வேலை. வாயால் சொல்ல முடியாது என்பதால் நம் ஊர் கிளீனர்கள் செய்வதையே அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். வண்டியின் பாடியில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. ரெண்டு தட்டினால் போலாம். ஒரே நாளில் பிடித்துக்கொண்டான். வருஷக்கணக்காக ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டினோம்.

போன வாரம் ஒரு குறுகலான சந்தில் பாதி ரிவர்ஸ் எடுத்து நிறுத்தியிருந்தேன். நெட்டையன் வீட்டுக்காரரைக் கூப்பிட உள்ளே போயிருந்தான். அந்த நேரம் பின்னால் தட், தட் என்று ரெண்டு தட்டு. வந்துவிட்டான் போலிருக்கிறது என்று நான் எடுத்தேன். அடுத்த நொடி ஓர் அலறல். இறங்கி ஓடிப் பார்த்தால் காய்கறிப் பையோடு ஒரு பெரியவர் கீழே கிடக்கிறார். அந்தச் சந்து வழியாகப் போக வந்தவர், வண்டி வழியை மறித்து நின்றதால், ‘ஆள் இருக்கிறேன், எடுக்காதே’ என்று தட்டியிருக்கிறார். அவர் தட்டியது ரெண்டு. இடுப்பிலும் காலிலும் எலும்பு முறிவு. வாலிபத்தில் நீச்சல் சொல்லிக்கொடுத்தவராம். அவர் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஸ்டேஷனில் ஃபோன் வழியாக ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்து விசாரித்தார்கள். ‘தட்டினது கேட்டுச்சா?’ என்றார். ‘கேட்டுது’ என்றேன். ‘கேட்டப்புறமா பின்னால எடுத்தீங்க?’ ‘ஆமா.’ ‘ஏன்?’ ‘தட்டினாரு, அதனால எடுத்தேன்.’

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அந்த மொழிபெயர்ப்பாளர் வாழ்நாளில் ஒரு பஸ் படிக்கட்டில்கூட நின்றிருக்கமாட்டார் போலிருக்கிறது. நான் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டார். இப்போது என் மேல் உள்ள குற்றச்சாட்டு கவனக்குறைவு இல்லை. ஆள் நிற்பது தெரிந்தும் வேண்டுமென்றே வண்டியை ஏற்றினேனாம்.

எனக்கு ஒரு வக்கீலையும் சர்க்காரே கொடுத்திருக்கிறது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது இதுதான். அவர் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, ‘உங்களுக்குப் பேசாமல் இருக்க உரிமை இருந்ததே, ஏன் பேசினீர்கள்?’ என்பது. கேட்ட கேள்விக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் திமிர் பிடித்தவன் என்று நினைக்கமாட்டார்களா?

ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். வாரா வாரம் கையெழுத்துப் போட வேண்டும், அந்தப் பெரியவர் கிட்டே போகக் கூடாது. மே மாதத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்கிறார் வக்கீல். சொல்லும்போது அவர் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா

*

பிப்ரவரி 2

சம்பந்திக்கு,

உட்கார்ந்து படிக்கச் சொன்னீர்கள். ஷெட்டில் பழைய டயர் மேல் உட்கார்ந்துதான் ஆரம்பித்தேன். ‘வேண்டுமென்றே’ என்ற இடத்தில் எழுந்தவள்தான், மீதியை நின்றுகொண்டே படித்தேன். நல்லவேளை ஃபோனில் சொல்லவில்லை. ஃபோனில் நான் முதலில் கத்துவேன், அப்புறம்தான் யோசிப்பேன். எழுதும்போது கத்தினால் மைதான் செலவு.

ரெண்டு தட்டு என்றால் போலாம் என்பது எங்கள் ஸ்டாப்பில் நிற்கும் கைக்குழந்தைக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் ஓட்ட, நான் கண்டக்டராக விசிலும் பையுமாக ஏறி இறங்கிய காலத்திலிருந்து அதுதானே நமக்கு வேதம். அவர் போன பிறகு ஸ்டியரிங்கையும் நானே பிடித்தேன். டிரைவர் லீவு போட்டால் இன்றும் நான்தான் ஓட்டுகிறேன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். கண்ணாடியைப் பார்த்தீர்களா? தட்டு கேட்டதும் வண்டியை எடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடி என்ற சொல்லே கடிதத்தில் இல்லை. சம்பந்தி, காது வண்டி ஓட்டாது. கண்தான் ஓட்டும். இதை நானும் எழுதாமல் விட்டால் வேறு யார் உங்களிடம் சொல்லப் போகிறார்கள்?

மகனிடம் சொல்லிவிட்டேன். ‘மாமா அப்படிச் செய்யற ஆள் இல்லம்மா’ என்றான். அத்தோடு சரி, சாப்பிடப் போய்விட்டான். என் பிள்ளைக்கு நாலு வார்த்தை பேசினால் காய்ச்சல் வந்துவிடும். ஆனால் பேசிய ஒரு வார்த்தை உருப்படியானது.

இன்னொன்று. அடிபட்டவரைப் போய்ப் பார்த்தீர்களா? கடிதம் முழுக்கத் தேடினேன், அப்படி ஒரு வரி இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஒரு தடவை எங்கள் பஸ்ஸில் சைக்கிள்காரர் ஒருவர் மோதி விழுந்தார். தப்பு அவர் மேல்தான். இருந்தும் அவர் எழுந்து நடக்கும்வரை ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோனது நான். இன்று என் மகன் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை அவருக்குத்தான் வைக்கப் போகிறேன். ‘கிட்டே போகாதே’ என்று கோர்ட் சொன்னால் சண்டைக்குப் போகாதே என்றுதான் அர்த்தம். பழம் வாங்கிக்கொண்டு போய் நலம் விசாரிக்காதே என்று உலகத்தில் எந்தச் சட்டமாவது சொல்லுமா? உடனே போங்கள். போய்க் கையைக் கூப்பி, ‘ஐயா, தெரியாமல் நடந்துவிட்டது’ என்று சொல்லுங்கள். மனுஷனுக்கு மனுஷன் முகம் பார்த்துவிட்டால் பாதிக் கேஸ் தீர்ந்துவிடும்.

இப்படிக்கு,
மினிபஸ் சம்பந்தி

*

பிப்ரவரி 20

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் பேச்சைக் கேட்டேன். இப்போது உள்ளே இருக்கிறேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொல்கிறேன்.

நல்ல ஆரஞ்சுகளாகப் பொறுக்கி வாங்கினேன். ஆஸ்பத்திரி ஹாலில் தரை பளபளவென்று இருந்தது, என் பூட்ஸ் சத்தம் எனக்கே அதிகமாகக் கேட்டது. வார்டு வாசலில் இருந்த நர்ஸ், யார் நீங்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பேச்சில், ‘வேன் ஓட்டினவன் நான்தான்’ என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. அவள் சிரித்துக்கொண்டே கையை மேஜைக்கு அடியில் கொண்டுபோனாள். அங்கே ஒரு மணி இருந்திருக்கிறது.

ஆள் வருவதற்குள் நான் பெரியவரின் கட்டில் வரை போய்விட்டேன். காலைக் கயிறு கட்டித் தூக்கி வைத்திருந்தார்கள். விழித்துக்கொண்டுதான் இருந்தார். பழப்பையை அலமாரி மேல் வைத்துவிட்டுக் கையைக் கூப்பினேன். அவர் என் கையைப் பார்த்தார், பையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் காவலாளிகள் இருவர் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையை மேடைக்கு அழைத்துப் போவது மாதிரிதான் கூட்டிப் போனார்கள், குறை சொல்லக் கூடாது.

சாட்சியைக் கலைக்கப் பார்த்தேன் என்று ஜாமீனை ரத்து செய்துவிட்டார்கள். ‘பழம் கொடுப்பது இங்கே கலைப்பதா?’ என்று வக்கீலிடம் கேட்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அது ஒன்றுதான் இரண்டு ஊருக்கும் பொதுவாக இருக்கிறது.

இங்கே சுத்தமான அறை, வேளா வேளைக்குச் சாப்பாடு. நான் எழுதுவதை ஓர் அதிகாரி படித்த பிறகுதான் உறையில் போடுவார்கள். தமிழ் தெரிந்த ஆளைத் தேடிப் பிடித்துப் படிக்கிறார்களாம். அந்த அன்பருக்கும் என் வணக்கம்.

கண்ணாடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பார்க்கவில்லை. தட்டு கேட்டதும் கை தானாகக் கியரைப் போட்டுவிட்டது. அது என் தப்புதான், எங்கே வேண்டுமானாலும் ஒத்துக்கொள்வேன். வேண்டுமென்றே ஏற்றினேன் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாப்பாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டில் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படி நீங்களே சொல்லுங்கள். உங்கள் மேல் பழி போட்டுக்கொள்ளாதீர்கள். போகச் சொன்னது நீங்கள் என்றாலும், போக வேண்டும் என்று என் மனசும்தான் அடித்துக்கொண்டிருந்தது.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா

*

மார்ச் 6

ஐயா அவர்களுக்கு,

வழக்கமாக எழுதுகிற சொல்லைத்தான் எழுத வந்தேன். கை நின்றுவிட்டது. ஏன் என்று கடைசி வரை படித்தால் தெரியும்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. வாய் இருக்கிறதே, இந்த வாய், என் வீட்டுக்காரர் அன்றே சொன்னார், ‘உனக்கு பிரேக் வாயிலதான்டி வெக்கணும்’ என்று. தெரியாத ஊர்ச் சட்டத்துக்கு நான் ஷெட்டில் உட்கார்ந்துகொண்டு விளக்கம் சொன்னேன், நீங்கள் கம்பிக்குள் போனீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செய்தி எப்படியோ என் கொழுந்தனார் காதுக்கும் போய்விட்டது. பெரிய மனுஷர் ஆயிற்றே, சொந்தக்காரர்களை எல்லாம் கூட்டிவிட்டார். ‘ஜெயில்ல இருக்கறவன் வீட்டுலயா பொண்ணெடுக்கணும்? நாளைக்கு நாலு பேரு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?’ என்று ஒரே ஆட்டம். ‘அந்த நாலு பேரை எங்கிட்ட அனுப்புங்க, நான் சொல்லிக்கறேன்’ என்றேன். விடவில்லை. ஆளுக்கொன்று பேசினார்கள். என் மகன் எழுந்து, ‘நான் அவளத்தான் கட்டிக்குவேன்’ என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டான். அவனுக்கு இருந்த தெம்பு கடைசியில் எனக்கு இல்லாமல் போய்விட்டது. ‘சரி, கேஸ் முடியட்டும்’ என்று சொல்லிவிட்டேன். மே மாதத்துக்குப் பிடித்த மண்டபத்தை விட்டாயிற்று.

ஒத்தி வைத்திருக்கிறேன், முறிக்கவில்லை. இரண்டும் வேறு வேறு என்று எனக்கே ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் உங்கள் பெண் நேராக ஷெட்டுக்கே வந்துவிட்டாள். ‘அத்தை, வேணாம்னா என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க. ஒத்தி வெச்சிருக்கோம்னு ஆள் விட்டுச் சொல்லாதீங்க’ என்றாள். அழவில்லை. உங்கள் பெண் என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. நான் எழுந்து சாவியை எடுத்தேன். பஸ்ஸில் முன்சீட்டில் உட்காரவைத்து வீடு வரை கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது, ‘பாத்துப் போங்க அத்தை’ என்றாள்.

சம்பந்தி என்று அழைக்கப்படும் தகுதி உங்களுக்கு இல்லாமல் போகவில்லை. அப்படிக் கூப்பிடும் தகுதி எனக்குத்தான் போய்விட்டது.

இப்படிக்கு,
மினிபஸ்காரி

*

மார்ச் 24

அம்மா அவர்களுக்கு,

நீங்கள் செய்தது சரிதான். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இன்னும் முன்னாலேயே செய்திருப்பேன். பாப்பாவை வீடு வரை கொண்டுபோய் விட்டீர்களே, அதுவே போதும். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். இருக்கிறது. ஆனால் கோபம் துளிகூட இல்லை. இதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுவோம், ஏனென்றால் எனக்குக் கை பரபரக்கிற அளவுக்குச் செய்தி இருக்கிறது.

போன வாரம் சர்க்கார் தரப்பிலிருந்து ஒரு பேரம் வந்தது. இங்கே இதெல்லாம் உண்டாம், கத்திரிக்காய் வாங்குவது மாதிரி. ‘தெரிந்தேதான் செய்தேன்’ என்று நான் ஒத்துக்கொண்டால் தண்டனையைக் குறைத்துச் சீக்கிரமே ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். மாட்டேன் என்றால் முழு விசாரணை. தோற்றால் வருஷக்கணக்கில் உள்ளே. வக்கீல் இதை வாங்கிக்கொள்ளச் சொன்னார். மே மாதக் கல்யாணம் நிச்சயமாக இருந்திருந்தால் ஒருவேளை தலையை ஆட்டியிருப்பேன். இப்போது எனக்கு அவசரம் ஒன்றும் இல்லையே. வேண்டுமென்றே ஒரு மனுஷர் மேல் வண்டி ஏற்றியவனுடைய மகள் என்ற பேரைப் பாப்பாவுக்குச் சீராகக் கொண்டுவர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

‘அப்படியானால் அன்று ஏன்தான் எடுத்தீர்கள், அதையாவது ஒழுங்காகச் சொல்லுங்கள்’ என்றார். இந்தத் தடவை ஃபோன் இல்லை, எதிரிலேயே ஒரு மொழிபெயர்ப்பாளர் அம்மா உட்கார்ந்திருந்தார், நம் ஆள். ஒரு தட்டு, ரெண்டு தட்டு என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா மொழிபெயர்ப்பதை மறந்துவிட்டு என்னையே பார்த்தார். ‘ஐயா, இதையா இத்தனை நாளா யாருக்கும் சொல்லல?’ என்றார். ‘பேசாம இருக்கணும்னு வக்கீல் சொன்னப்புறம் யாரும் கேக்கல, கேட்டாத்தானே சொல்றதுக்கு. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு இருந்தேன்’ என்றேன். அவர் மேஜையில் தட்டித் தட்டி வக்கீலுக்கு விளக்கினார். வக்கீல் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அந்தச் சந்துக்கு எதிரிலுள்ள மருந்துக் கடைப் பெண் போலீசில் என்ன சொல்லியிருக்கிறாள் தெரியுமா? ‘பெரியவர் பலமாக ரெண்டு தட்டு தட்டினார், உடனே வேன் பின்னால் வந்தது’ என்று. எனக்கு எதிராக அவர்கள் வைத்திருக்கும் பெரிய சாட்சியே அவள்தான். அதே சாட்சி இப்போது நம் பக்கம் திரும்புகிறது என்று வக்கீல் குதிக்காத குறை.

ஆனால் ஒரு முடிச்சு. இப்படி ஒரு பழக்கம் நிஜமாகவே உண்டு என்று யாராவது சொல்ல வேண்டும். நெட்டையன் வேலையை விட்டு எங்கோ போய்விட்டான், தேடியும் கிடைக்கவில்லை. நம் ஊரில் பஸ் நடத்துகிற, விவரம் தெரிந்த ஒருவர் வீடியோவில் வந்து சாட்சி சொன்னால் போதும் என்றார் வக்கீல். சொல்லும்போதே என் மனசில் வந்தது உங்கள் முகம்தான்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. வருவீர்களா?

சாட்சி உறவில்லாதவராக இருந்தால்தான் கோர்ட் மதிக்கும் என்கிறார் வக்கீல். உறவு என்று தெரிந்தால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொண்டு உலுக்கிவிடுமாம். நீங்கள் பொய் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணம்தான் ஒத்திப் போயிருக்கிறதே. இன்றைய தேதியில் நமக்குள் உறவு எதுவும் இல்லை என்று சொன்னால் அது உண்மைதான்.

இப்படிக்கு,
வேன் டிரைவர்

*

ஏப்ரல் 8

ஐயா அவர்களுக்கு,

வருகிறேன். வருவீர்களா என்று இன்னொரு தடவை கேட்டால் அடிப்பேன்.

உங்கள் வக்கீலின் ஆபீசிலிருந்து பேசினார்கள். இங்குள்ள கோர்ட்டிலேயே ஓர் அறையில் கேமரா வைத்து உட்காரவைப்பார்களாம். தேதியும் வந்துவிட்டது. அன்றைக்கு என்ன புடவை கட்டுவது என்று உங்கள் பெண்ணைத்தான் கேட்டேன். நானாகத்தான் அவளைக் கூப்பிட்டேன். ‘கண்டக்டரா இருந்தப்ப போட்ட காக்கிச் சட்டை இருக்கா அத்தை?’ என்கிறாள். குறும்பு.

ஷெட்டில் எல்லோரும் என்னைப் பார்த்தாலே ஒதுங்குகிறார்கள். கண்ணில் படுவதை எல்லாம் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று பேச்சுவாக்கில், நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் பின்னால் ரெண்டு தட்டு தட்டிவிட்டேன். டிரைவர் ஒரு கையில் டீ கிளாசோடு வண்டியை எடுத்துவிட்டார். டீ குடிக்கப் போன ஜனங்கள் ரோட்டில் பின்னாலேயே ஓடி வருகிறார்கள். ‘ஏன்யா எடுத்தே?’ என்றால், ‘தட்டினீங்களே, அதான் எடுத்தேன்’ என்கிறார். உங்கள் வாக்குமூலம் அப்படியே, எழுத்து மாறாமல். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

உறவைப் பற்றி வக்கீல் சொன்னதைப் படித்தேன். நீங்கள் எழுதியதையும் படித்தேன். அது என் பாடு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மினிபஸ்காரி

*

மே 14

சம்பந்தியம்மாவுக்கு,

இப்படித்தான் எழுதுவேன். கோர்ட்டிலேயே பதிவான பிறகு என்னை யார் தடுப்பது?

விடுதலை என்று பாப்பா சொல்லியிருப்பாள். ஆனால் உங்கள் வீடியோ நின்று திரை கறுத்த பிறகு இங்கே என்ன நடந்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். கடையில் கூட வேலை பார்த்த ஒருவரின் அறையில், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஜன்னலைத் திறக்க முடிகிறது என்பதற்காகவே திறந்து வைத்திருக்கிறேன்.

சுவர் அகலத்துக்கு ஒரு திரை. அதில் நீங்கள் வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சர்க்கார் வக்கீல் எழுந்தவுடன் கேட்டதே அதைத்தான்: ‘உங்களுக்கும் இவருக்கும் என்ன உறவு?’ என் வக்கீல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் தண்ணீர் எடுத்துக் குடித்தீர்கள். நான் இங்கே மனசுக்குள், ‘இல்லைன்னு சொல்லிடுங்க, ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடுங்க’ என்று வேண்டிக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னீர்கள்:

‘அவர் எனக்குச் சம்பந்தி. அவர் பொண்ணத்தான் எம் பையனுக்குக் கட்டப் போறேன்.’

கேஸ் முடிந்தால் என்று சொல்லவில்லை. ஜெயித்தால் என்றும் சொல்லவில்லை. அம்மா, என் வாழ்க்கையில் யாரும் எனக்கு இவ்வளவு பெரியதாக ஒன்றைக் கொடுத்ததில்லை. தலையைக் குனிந்துகொண்டேன், அழுவது தெரியக் கூடாது என்று. தெரிந்துதான் இருக்கும்.

சர்க்கார் வக்கீலுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ‘அப்படியானால் சொந்தக்காரரைக் காப்பாற்ற வந்திருக்கிறீர்கள்’ என்றார். நீங்கள் விடவில்லையே. ‘அதனால பொய் சொல்லுவேன்னு நெனச்சா என்னை விட்டுடுங்க. எங்க ஊருல பஸ்ல ஏறுன யாரை வேணா நீங்களே பொறுக்கிக் கூப்பிட்டுக் கேளுங்க. எல்லாரும் இதையேதான் சொல்லுவாங்க. அப்புறம் இன்னொண்ணு, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னது நானு. அது குத்தம்னா எம்பேர்ல எழுதிக்குங்க’ என்றீர்கள். அதைக் கேட்டு நீதிபதியம்மா நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். பிறகுதான், ‘எப்படித் தட்டுவார்கள், காட்டுங்கள்’ என்றார். நீங்கள் மேஜையில் தட்டினீர்கள். ஒன்று, நிறுத்து. அடுத்து ரெண்டு. அந்த ரெண்டாவது தட்டில் கேமரா ஆடிக் கவிழ்ந்து திரை கறுத்துவிட்டது.

கோர்ட்டே சிரித்தது. நீதிபதியம்மாகூட கையால் வாயை மறைத்துக்கொண்டார். இதற்குள்ளேயே என் வக்கீல் எழுந்து, மருந்துக் கடைப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டார். ‘நீங்கள் கேட்டது எப்படி?’ அவள் கூண்டின் கட்டையில் தட்டிக் காட்டினாள். நீங்கள் தட்டியது போலவே ரெண்டு. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பினார்கள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். சக்கர நாற்காலியில் பெரியவர். ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்தவர், இன்னும் ஒன்று சொல்ல அனுமதி கேட்டார். ‘நான் தட்டியதைக் கேட்டும் ஏற்றினாரே என்று இத்தனை நாள் இவரை வெறுத்தேன். நான்தான் வரச்சொன்னேன் என்று இவர் நினைத்திருக்கிறார் என்பது இன்றுதான் எனக்குப் புரிகிறது’ என்றார். என்னைப் பார்த்து, ‘இன்ஷூரன்ஸ்காரர் காகிதத்தோடு வந்தார். வக்கீல்கள் காகிதத்தோடு வந்தார்கள். பழத்தோடு வந்தவர் இவர் ஒருவர்தான்’ என்றார். மொழிபெயர்ப்பாளர் அம்மா இதை எனக்கு ரெண்டு தடவை சொன்னார்.

தீர்ப்பு அந்த வாரமே வந்தது. வேண்டுமென்றே செய்தேன் என்பது நிற்கவில்லை. சாட்சியைக் கலைத்தேன் என்பதும் போய்விட்டது. கவனக்குறைவு மட்டும் நிற்கிறது, அதற்கு உள்ளே இருந்த காலமே தண்டனை. இனி இங்கே வண்டி ஓட்டக் கூடாது, ஊருக்குக் கிளம்ப வேண்டும். ‘சத்தத்தை நம்பி எடுத்தீர்கள். கண்ணாடியைப் பார்த்திருக்க வேண்டும்’ என்று நீதிபதியம்மா என்னைக் கடிந்துகொண்டார். அதை நீங்கள் பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டீர்கள், தீர்ப்புக்கு இவ்வளவு நாள் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் பெரியவரிடம் போனேன். இந்தத் தடவை யாரும் மணி அடிக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். ஊன்றுகோலோடு நடந்துவிடலாம், தண்ணீரில் இறங்கத்தான் இன்னும் நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அது மட்டும் என் நெஞ்சில் முள்ளாகவே இருக்கும்.

மாத முடிவில் விமானம். மே மாதக் கல்யாணம் போனது போனதுதான். வேறு மாதம் உண்டா என்று கேட்கத் தைரியம் இல்லை. நீங்கள் கோர்ட்டில் சொன்ன சொல்லைத்தான் கையில் பிடித்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா

*

மே 22

சம்பந்திக்கு,

கேமரா விழுந்ததும் நான் பயந்துபோனேன். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உங்கள் பெண்தான் தோளைப் பிடித்து எழுப்பினாள். கோர்ட்டுக்கு வெளியே பெஞ்சில் காலையிலிருந்து காத்திருந்தாள்.

உறவு இல்லை என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கவில்லை. என்றாலும் சொல்கிறேன். சொல்லலாம் என்றுதான் போனேன். வாய் வரைக்கும் வந்தது. இல்லை என்று சொல்லி உங்களை வெளியே கொண்டுவந்துவிட்டால், அப்புறம் எந்த வாயால் உங்களைச் சம்பந்தி என்று கூப்பிடுவது? உங்கள் பெண் முகத்தை எப்படிப் பார்ப்பது? ஒரு தடவை என் வாய் உங்களை உள்ளே தள்ளிவிட்டது. இந்தத் தடவை அதை நல்ல காரியத்துக்குத் திறப்போம் என்று திறந்தேன்.

என் கொழுந்தனார் கதையைக் கேளுங்கள். தீர்ப்பு வந்த பிறகும், ‘இருந்தாலும் யோசிக்கணும்’ என்று ஆரம்பித்தார். ‘யோசிங்க. ஆனா ஒண்ணு. வெளிநாட்டுக் கோர்ட்டுல சத்தியம் பண்ணிச் சம்பந்தின்னு சொல்லியாச்சு. கல்யாணம் நடக்கலன்னா நான் பொய்ச் சாட்சி சொன்ன மாதிரி ஆயிடும். அப்புறம் என்னப் பிடிக்க வருவாங்க. விசாரிக்க உங்களையும் கூப்பிடுவாங்க. அங்க எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் பழம் கொண்டுபோனாலே உள்ள போடறாங்க, தெரியுமில்ல?’ என்றேன். அப்படி ஒரு சட்டம் உண்டா என்று எனக்குத் தெரியாது. நல்லவேளை, அவருக்கும் தெரியாது. முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் அவரே போய் ஜூன் கடைசி ஞாயிறுக்கு மண்டபம் பிடித்துவிட்டு வந்தார். சமையல்காரரையும் அவரே பேசிவிட்டார். பந்தி விசாரிப்பும் அவர்தானாம்.

என் மகன் இதைக் கேட்டுச் சிரித்தான். சத்தமாகச் சிரித்தான், சம்பந்தி. அவனுடைய இந்த இருபத்தேழு வயசில் அது எனக்கே புதுசாக இருந்தது.

பெரியவரின் முகவரியை வாங்கிக்கொண்டு வாருங்கள். இரண்டாவது பத்திரிகை அவருக்கு. இனி என்ன வேலை பார்ப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு ஒரு கண்டக்டர் குறைகிறது. விசில் என்னிடமே இருக்கிறது, துடைத்து வைத்திருக்கிறேன்.

விமானம் இறங்கும் அன்றைக்கு டிரைவருக்கு லீவு கொடுத்துவிட்டேன். பஸ்ஸை நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். மாப்பிள்ளையும் பெண்ணும் முன்னால் உட்கார்ந்துகொள்ளட்டும். நீங்கள் பெட்டியை ஏற்றிவிட்டுப் பின்படிக்கட்டில் நின்று, வழக்கம்போல ரெண்டு தட்டு தட்டுங்கள். நான் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி